கேபிள் உயிரோடு இருக்கிறதா? தொடக்க நிரலும் இணைப்பு நிலையும்

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததிலிருந்து திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும் வரையிலான குறுகிய நேரத்தில் இயக்குதளம் வட்டுகளைச் சரிபார்த்தல், கடிகாரத்தை நேராக்குதல், வலையமைப்பை எழுப்புதல் எனப் பல வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கிறது. இவற்றை எந்த வரிசையில், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பே தொடக்க நிரல், அதாவது ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட், எனப்படுகிறது. மேசையில் ஆள் அமர்ந்து இயக்கும் கணினியில் இந்தக் கட்டத்தில் ஏதேனும் பிசகினால் அவர் கேபிளை ஒருமுறை அழுத்திச் செருகிவிட்டு வேலையைத் தொடர்வார். ஆனால் பூட்டிய அறையில் நிற்கும் சர்வருக்கும், சாலையோரப் பணப்பட்டுவாடா இயந்திரத்துக்கும், தன்னுள் வட்டே இல்லாமல் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து இயக்குதளத்தையே வாங்கிக்கொள்ளும் கணினிக்கும் அப்படி உதவ யாரும் இல்லை. ஆகவே, தன் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் வாயில், உயிருள்ள இணைப்பு இருக்கிறதா என்பதைத் தொடக்க நிரலே கண்டறிந்து, இல்லையென்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு என்ன செய்வது என்பதையும் அதுவே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இருக்கிறது அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியாகவே இது தோன்றும். எனினும் அந்த விடை எங்கே பிறக்கிறது, எத்தனை கைகள் மாறி நிரலை வந்தடைகிறது என்று பார்த்தால், பிழையான விடை கிடைப்பதற்கும் சரியான விடையைப் பிழையாகப் புரிந்துகொள்வதற்கும் வழியில் பல இடங்கள் இருப்பது விளங்கும்.

ஈத்தர்நெட் என்னும் வலையமைப்பு முறை 1973-ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோரின் உழைப்பில் உருவானபோது இணைப்பு நிலை என்ற கருத்துக்கே அதில் இடமில்லை. ஒரே தடித்த கோஆக்சியல் கேபிளை எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொண்டு நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் பேசிய அந்த ஏற்பாட்டில், ஒரு கணினிக்கென்று தனி மறுமுனை கிடையாது. யாரும் பேசாதபோது கேபிள் மௌனமாக இருக்கும், கேபிள் அறுந்திருந்தாலும் மௌனமாகவே இருக்கும். 1990-இல் ஐஇஇஇ அமைப்பு 10பேஸ்-டி என்ற தரத்தை வெளியிட்டு, தொலைபேசிக் கம்பியைப் போன்ற முறுக்கிய இணைக்கம்பிகளைக் கொண்டு ஒவ்வொரு கணினியையும் ஒரு மையப் பெட்டியோடு தனித்தனியே இணைக்க வழிசெய்தபோதுதான் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனைகள், இரண்டே முனைகள், என்ற நிலை வந்தது. அப்போது மௌனத்தையும் அறுந்த கம்பியையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவையும் எழுந்தது. அதற்காக, அனுப்பச் செய்தி எதுவும் இல்லாத வேளையிலும் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 100 நானோ விநாடி அளவே நீடிக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அத்தரம் விதித்தது. போர்ட்டின் ஓரத்தில் பச்சையாக எரியும் சிறு விளக்கின் பிறப்பு இதிலேயே இருக்கிறது. எதிர்முனையின் துடிப்பு தன்னை வந்தடைகிறது என்பதே அந்த விளக்கு கூறிய செய்தி. தன் துடிப்பு அங்கே சென்று சேர்கிறதா என்பதை அது கூறவில்லை. ஒரு திசைக்குரிய கம்பி மட்டும் அறுந்தால் ஒரு முனையில் விளக்கு எரிந்தும் மறுமுனையில் அணைந்தும் இருந்ததற்கு இதுவே காரணம்.

1995-இல் வந்த 100 மெகாபிட் தரம் இந்தத் தனித் துடிப்பைத் துடிப்புக் கொத்தாக மாற்றியது. ஒரு கொத்தில் துடிப்புக்குரிய இடங்கள் 33. அவற்றுள் 17 இடங்கள் தாளம் காட்டுவதற்கும், மீதி 16 இடங்கள் தகவல் சொல்வதற்கும் உரியவை. தனக்கு எந்தெந்த வேகங்கள் தெரியும், இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் பேச முடியுமா என்பன போன்ற தன் திறன்களை இந்த 16 இடங்களில் ஒவ்வொரு முனையும் அறிவிக்க, இரண்டுக்கும் பொதுவான மிக உயர்ந்த திறனை இரண்டும் ஏற்றுக்கொள்கின்றன. இதற்குத் தானியங்கி உடன்பாடு, அதாவது ஆட்டோ நெகோஷியேஷன், என்று பெயர். தொடக்க நிரலை எழுதுபவர் கவனத்தில் கொள்ள வேண்டியது இது எடுத்துக்கொள்ளும் நேரத்தையே. உடன்பாட்டைத் தொடங்கும் முனை, முந்தைய தொடர்பு முறிந்துவிட்டது என்பதை எதிர்முனை உணரும்பொருட்டு முதலில் 1.2 முதல் 1.5 விநாடி வரை வேண்டுமென்றே வாய்மூடி இருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகே திறன்களைப் பரிமாறுதலும், 1999-இல் வகுக்கப்பட்ட ஜிகாபிட் தரமானால் எந்த முனையின் கடிகாரத்தை எந்த முனை பின்பற்றுவது என்ற முடிவும், நான்கு இணைக்கம்பிகளிலும் வரும் சைகையைப் பிரித்தறியும் பயிற்சியும் நிகழ்கின்றன. எல்லாம் முடிந்து இணைப்பு எழ இரண்டு மூன்று விநாடிகள் கடந்துவிடுகின்றன. கணினிக்கு அது மிக நீண்ட காலம்; போர்ட்டை எழுப்பிய அடுத்த வரியிலேயே இணைப்பு உண்டா என்று கேட்கும் நிரலுக்கு, கேபிள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், இல்லை என்ற விடையே கிடைக்கும்.

துடிப்புகளைக் கேட்டுணர்வது போர்ட்டை அடுத்து அமைந்திருக்கும் ஒரு சில்லு. அது தான் கண்டதைத் தன்னுள் இருக்கும் 16 பிட் அகலமுள்ள பதிவகங்களில் குறித்து வைக்கிறது. இவற்றுள் 1 என்ற எண்ணுடைய நிலைப் பதிவகத்தில் பிட் 2 இணைப்பு நிலைக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த ஒற்றை பிட்டுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் அந்த பிட் 0 ஆகி, இணைப்பு மீண்ட பிறகும், யாரேனும் வந்து படிக்கும் வரை 0 ஆகவே நிலைத்திருக்கும். படித்த பின்னரே நடப்பு நிலையைக் காட்டத் தொடங்கும். மென்பொருள் பார்க்காத நேரத்தில் நிகழ்ந்த சிறு துண்டிப்பும் அதன் பார்வையிலிருந்து தப்பிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் அதன் விளைவாக, இப்போது இணைப்பு உண்டா என்று அறிய விரும்புவோர் அதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் வாசிப்பு பழைய கதையைச் சொல்லும், இரண்டாவது வாசிப்பே இன்றைய நிலையைச் சொல்லும். லினக்ஸ் கெர்னலில், அதாவது அந்த இயக்குதளத்தின் மையப் பகுதியில், இதற்கென்று உள்ள பொதுச் செயற்கூறு நெடுங்காலம் முதலில் ஒருமுறை வெறுமனே படித்து அந்த மதிப்பைக் கைவிட்டு, மறுமுறை படித்ததையே விடையாகக் கொண்டது.

சில்லிடமிருந்து அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் டிரைவரிடமிருந்து கெர்னலும் அறிந்துகொண்ட இந்த நிலையை, சாதாரண நிரல்களும் எளிதில் படிக்கும்படி லினக்ஸ் ஒரு கோப்பின் வடிவில் வெளிக்காட்டுகிறது. சிஸ் என்னும் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் நெட் என்று இறங்கினால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் அடைவும், அதனுள் கேரியர் என்ற பெயருடைய கோப்பும் இருக்கும். அதில் 1 என்றிருந்தால் இணைப்பு உண்டு, 0 என்றிருந்தால் இல்லை. உண்மையில் அந்தக் கோப்பு எந்த வட்டிலும் இல்லை. படிக்கும் கணத்தில் கெர்னல் விடையைத் தயாரித்துத் தருகிறது. இங்கேதான் தொடக்க நிரல்கள் மிகுதியாகத் தடுக்கி விழுகின்றன. போர்ட் இயக்கப்படவே இல்லையென்றால் கெர்னல் 1 என்றோ 0 என்றோ விடை தருவதில்லை. தவறான உள்ளீடு என்ற பிழையைத் தருகிறது. போர்ட்டை இயக்குவது நிர்வாகியின் விருப்பம், இணைப்பு எழுவது கேபிளின் நிலை. இவை இரண்டும் வேறுவேறு என்பதையும், முதலாவது நிகழாமல் இரண்டாவதைப் பற்றிக் கேட்பதில் பொருளில்லை என்பதையுமே அந்தப் பிழை உணர்த்துகிறது. இதை அறியாமல் எழுதப்பட்ட நிரல், பிழையை 0 என்று கொண்டு, கேபிள் இல்லை என்று முடிவுகட்டிப் போர்ட்டை இயக்காமலே விட்டுவிடும். போர்ட் இயங்காததால் அடுத்த முறையும் பிழையே கிடைக்கும். நிரல் தானே பின்னிய இந்த வலையிலிருந்து அதற்கு விடுதலை இல்லை. ஆகவே முதலில் போர்ட்டை இயக்கு, பிறகு பொறு, அதன் பின்னர் கேள் என்ற வரிசை மாறவே கூடாதது.

அதே அடைவில் இன்னொரு கோப்பு, இயக்க நிலையை எண்ணால் அல்லாமல் சொல்லால் சொல்கிறது. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிப்பதற்கென்று 2000-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2863 என்ற இணையத் தர ஆவணத்திலிருந்து பெறப்பட்ட ஏழு நிலைகளுள் ஒன்றை அது காட்டும். எழுந்துள்ளது, எழவில்லை என்பவற்றோடு தெரியாது என்பதும் அந்த ஏழில் ஒன்று. சில டிரைவர்கள் இந்த நிலையைப் புதுப்பிப்பதே இல்லையாதலால், செய்திகள் தடையின்றிப் போய்வந்துகொண்டிருக்கும் போர்ட்டும் தெரியாது என்று காட்டக்கூடும். தெரியாது என்பதை இல்லை என்று பொருள்கொள்ளும் நிரல், ஒழுங்காக இயங்கும் கணினியை வலையமைப்பிலிருந்து விலக்கிவைக்கும் தவறைச் செய்கிறது.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்தில் வெளிப்பட்ட நல்ல எடுத்துக்காட்டு, ரெட் ஹாட் லினக்ஸ் குடும்பம் நெடுங்காலம் பயன்படுத்திய தொடக்க நிரல் தொகுப்பு. அதில், போர்ட்டுக்கு முகவரி பெறுவதற்கு முன் இணைப்பைச் சோதிக்கும் ஒரு செயற்கூறு இருந்தது. போர்ட்டை இயக்கிவிட்டு, அரை விநாடிக்கு ஒருமுறை இணைப்பு நிலையைக் கேட்டு, ஏறத்தாழ 5 விநாடிகளுக்குள் இணைப்பு எழவில்லையென்றால், இணைப்பு இல்லை, கேபிளைச் சரிபாருங்கள் என்று திரையில் எழுதிவிட்டு அது அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடும்; மெதுவாக எழும் கருவிகளுக்காக அந்த வரம்பை நீட்டிக்கொள்ள லிங்க்டிலே என்ற அமைப்பும் தரப்பட்டிருந்தது. எல்லை வகுத்துக் காத்திருப்பது, தோல்வியை மனிதருக்கு விளங்கும் சொற்களில் கூறுவது என்ற இரண்டு நற்பண்புகளும் இதில் இருந்தன. பின்னர் ஒரே கணினிக்குள் பல கணினிகளைப் பாவனையாக இயக்கும் மெய்நிகர் இயந்திரங்கள் பரவியபோது இந்தச் சோதனை தொல்லையாக மாறியது. மெய்நிகர் போர்ட்டில் கேபிளும் இல்லை, துடிப்பும் இல்லை, பழைய வகைச் சில்லின் பதிவகங்களைப் படிக்க முயன்ற கருவிக்குப் பொருளற்ற விடையே கிடைத்தது. நிர்வாகிகள் பலர் கண்ட மாற்று வழி, அந்தச் செயற்கூற்றின் பெயரிலேயே, எப்போதும் இணைப்பு உண்டு என்று விடை தரும் ஒற்றை வரிச் செயற்கூற்றைப் போர்ட்டின் அமைப்புக் கோப்பில் எழுதி வைப்பதாக இருந்தது. அவசரத்துக்கு அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனையைத் திருத்தாமல் அதன் வாயை அடைப்பது வருந்தத்தக்க வழக்கம். அப்படி எழுதப்பட்ட வரிகள் பிற்காலத்தில் உண்மையான கேபிள் செருகப்பட்ட கணினிகளுக்கும் நகலெடுக்கப்பட்டால், அங்கே உண்மையான பழுதை மறைத்துவிடும்.

கேரியர் கோப்பு 1 என்று சொன்ன பிறகும் நிரல் அவசரப்படக் கூடாது என்பதற்கு மற்றொரு காரணம், கணினிகளை இணைக்கும் மையப் பெட்டிகளான சுவிட்சுகளுக்குள்ளே இருக்கிறது. டெக் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறிமுறை, சுவிட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால் செய்திகள் முடிவின்றிச் சுழன்று வலையமைப்பையே முடக்கிவிடும் ஆபத்தைத் தடுக்கிறது. அதன்படி, ஒரு போர்ட்டில் புதிதாக இணைப்பு எழுந்ததும் சுவிட்ச் அதைத் திறந்துவிடாமல், வட்டம் ஏதும் உருவாகிறதா என்று 15 விநாடி கவனித்து, மேலும் 15 விநாடி எந்தக் கணினி எந்தப் பக்கம் உள்ளது என்று கற்றுக்கொண்டு, அதன் பிறகே செய்திகளைக் கடத்தத் தொடங்குகிறது. இந்த 30 விநாடிகளிலும் இணைப்பு விளக்கு எரிகிறது, கோப்பு 1 என்று காட்டுகிறது, ஆயினும் கணினி அனுப்பும் செய்தி எதுவும் சுவிட்சைத் தாண்டுவதில்லை.

தனக்கு ஒரு முகவரி தருமாறு டிஎச்சிபி நெறிமுறை வழியே கேட்கும் கணினிக்கு இது என்ன பாடுபடுத்தும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அந்த நெறிமுறையின் ஆவணம், விடை வராவிட்டால் முதலில் 4 விநாடி, பிறகு 8, பிறகு 16, பிறகு 32 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மீண்டும் கேட்குமாறு பரிந்துரைக்கிறது. அதாவது 0, 4, 12, 28 ஆகிய விநாடிகளில் எழுப்பப்படும் நான்கு வேண்டுகோள்களும் சுவிட்சின் 30 விநாடித் தடைக்குள் விழுந்து வீணாகின்றன. அடுத்த வேண்டுகோள் 60-ஆவது விநாடியில்தான் எழும். அதற்குள் பொறுமை இழக்கும்படி எழுதப்பட்ட தொடக்க நிரல், கேபிளும் சரி, சுவிட்சும் சரி, முகவரி தரும் சர்வரும் சரி என்றிருக்கும் இடத்தில் தோல்வியை அறிவித்துவிடும். கணினியைத் தவிர வேறெதுவும் இணைக்கப்படாத போர்ட்டை ஓரப் போர்ட் என்று சுவிட்சில் குறித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு நீங்கிவிடும். குறையைக் கணினியில் தேடி நாள்களைக் கழிப்பவர்களுக்குத் தீர்வு சுவிட்சின் அமைப்பில் கிடைப்பது இதனால்தான். மேலும், இணைப்பு உண்டு என்ற விடை அடுத்த சுவிட்ச் வரையிலான ஒரே ஒரு கேபிளைப் பற்றியது மட்டுமே. அதற்கு அப்பால் கட்டடத்தின் பிரதான கேபிள் அறுந்திருந்தாலும் இந்தப் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

எப்படிக் காத்திருப்பது என்பதில் மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. குறித்த விநாடிகள் உறங்கிவிட்டுக் கேட்பது மிக எளியது, மிக மோசமானதும் அதுவே. விரைவாக எழும் கணினியில் அது நேரத்தை வீணாக்குகிறது, மெதுவாக எழும் கணினியில் பொய் சொல்கிறது. எல்லை வகுத்துக்கொண்டு சிறு இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலான நிரல்களுக்குப் போதுமானது. மூன்றாவது வழியில் நிரல் கேட்பதே இல்லை. இணைப்பு எழும்போதும் விழும்போதும் கெர்னல் நெட்லிங்க் என்ற வழியே தானாக அறிவிப்பு வெளியிடுகிறது, அதைச் செவிமடுத்திருக்கும் நிரல், தொடக்கத்தில் மட்டுமன்றிப் பின்னர் எப்போது கேபிள் செருகப்பட்டாலும் உரியதைச் செய்கிறது. மடிக்கணினிகளுக்கு இதுவே பொருத்தமானது. வட்டில்லாக் கணினியில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை, ஏனெனில் தொடக்க நிரல் இருப்பதே கேபிளின் மறுமுனையில்தான். அங்கே கெர்னலே இணைப்புக்காக 120 விநாடி வரை காத்திருக்கிறது.

2010-இல் அறிமுகமாகி இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் தொடக்கப் பணியை ஏற்றிருக்கும் சிஸ்டம்டி, வரிவரியாக ஓடும் பழைய நிரல்களுக்கு மாற்றாக, எது எதற்குப் பின் தொடங்க வேண்டும் என்ற சார்புகளை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வலையமைப்பு மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதும், வலையமைப்பு உண்மையில் பயன்படும் நிலையை அடைந்துவிட்டது என்பதும் அதில் இரண்டு தனி இலக்குகள். முதலாவதைச் சார்ந்து தன் சேவையைத் தொடங்கச் செய்துவிட்டு, முகவரியே இல்லையே என்று திகைப்போர் ஏராளம். இரண்டாவது இலக்குக்காகக் காத்திருக்கும் கருவியின் இயல்பான எல்லை 120 விநாடி. இரண்டு போர்ட்டுகள் உள்ள சர்வரில் ஒன்றில் மட்டும் கேபிள் செருகியிருந்தால், தன் பொறுப்பிலுள்ள எல்லாப் போர்ட்டுகளையும் எதிர்பார்க்கும் அக்கருவி, யாரும் செருகப்போகாத கேபிளுக்காக முழு இரண்டு நிமிடம் கணினியை நிறுத்திவைக்கும். அந்தப் போர்ட் கட்டாயமில்லை என்று அமைப்பில் ஒரு வரி சேர்ப்பதே இதற்குத் தீர்வு. உபுண்டு சர்வரின் நெட்பிளான் அமைப்பில் இதற்கு ஆப்ஷனல் என்ற சொல் உண்டு. வலையமைப்பு எப்போது வேண்டுமானாலும் போகும், வரும் என்பதை ஏற்று ஒவ்வொரு சேவையும் தானே மீண்டும் முயலும்படி எழுதப்பட வேண்டும், தொடக்கத்தில் ஒருமுறை காத்திருப்பது அதற்கு ஈடாகாது என்று சிஸ்டம்டி ஆவணங்கள் வலியுறுத்துகின்றன. அது சரியான நிலைப்பாடு; எனினும் அப்படி எழுதப்படாத மென்பொருள்களையும் ஓட்டியாக வேண்டிய கட்டாயம் இருக்கும்வரை தொடக்கச் சோதனைக்கும் தேவை இருக்கும்.

போர்ட்டின் பெயரை நிரலில் நிலையாக எழுதிவைப்பதும் கேடு விளைவிக்கும்; பெயர் மாறினால் நிரல் இல்லாத போர்ட்டைத் தேடும். 2013 முதல் லினக்ஸ் வகைகள் பல, கண்டறியப்பட்ட வரிசைப்படி எண்ணிடும் பழைய பெயர்களை விட்டு, கருவி பொருந்தியுள்ள இடத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு மாறிவிட்டன.

கேரியர் கோப்பை மட்டும் பார்க்கும் நிரலின் கண்ணுக்குத் தப்பும் பழுது ஒன்று உண்டு. ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு இணைக்கம்பிகளும் வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய உடன்பாட்டுப் பேச்சு அவற்றுள் இரண்டில் மட்டுமே நடக்கிறது. மற்ற இரண்டில் ஒன்று அறுந்திருந்தால், இரு முனைகளும் ஜிகாபிட் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியில் தோற்று, மீண்டும் ஒப்புக்கொண்டு, மீண்டும் தோற்று என்று சுழலும். சில சில்லுகள் சில முயற்சிகளுக்குப் பின் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, இணைப்பு உண்டு என்று அறிவித்துவிடும். அப்போது கேரியர் கோப்பு 1 என்றே காட்டும். அதன் அருகிலுள்ள வேகக் கோப்போ 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டும். இணைப்பு எத்தனை முறை மாறியது என்பதை எண்ணிவைக்கும் கோப்பும் அதே அடைவில் இருக்கிறது. தொடக்க நிரல் இணைப்பு உண்டு என்று எழுதுவதோடு நில்லாமல், எந்த வேகத்தில் எழுந்தது, எத்தனை விநாடியில் எழுந்தது, இடையில் எத்தனை முறை விழுந்தது என்ற மூன்றையும் பதிவேட்டில் ஒரே வரியில் குறித்துவிட்டால், பழுதுபார்க்க வருபவர் கணினியைத் திறக்க வேண்டியதில்லை. கையில் புதிய கேபிளோடு வந்தால் போதும்.